செக்கர் முத்திருளன் பிடித்த ஆள்

"சார், நீங்க மும்பைக்கு அனுப்பின பார்சல்ல போதைப் பொருள் இருந்திருக்கு. உங்க மேல கேஸ் ஆயிருக்கு. நாங்க சொல்றவரைக்கும் லைனை மட்டும் கட் பண்ணிடாதீங்க."

முத்திருளன் பிறந்ததிலிருந்து மும்பைக்கு ஒரு தபால் கார்டுகூடப் போட்டதில்லை. வேறொருவராக இருந்தால் பயந்திருப்பார், இல்லையென்றால் நாலு வார்த்தை வைதுவிட்டு வைத்திருப்பார். முத்திருளனுக்கு வந்தது சந்தோஷம்.

"நானா கட் பண்ணப்போறேன்? சொல்லுங்க சார், என்ன செய்யணும்?" என்றார்.

மணி ஒன்று பத்து. மகன் முத்துப்பாண்டி காளவாசல் டயர் கடையிலிருந்து சாப்பாட்டுக்கு வருவதற்குள் மூன்று ஆகிவிடும். அதுவரை இந்த ஆளை லைனில் வைத்திருந்து, மகனைக் காதால் கேட்கவைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

அதற்குப் பின்னால் ஒரு வருஷத்து அவமானம் இருந்தது. போன ஆடியில், கரண்ட் பில் பாக்கி என்று வந்த ஒரு செய்தியை நம்பி எதையோ அமுக்கி, முப்பத்தெட்டாயிரத்தைத் தொலைத்திருந்தார். அன்றோடு அவருடைய டச் போன் பீரோவுக்குள் போனது. கைக்கு ஒரு பட்டன் போன் வந்தது. மகள் சத்யப்ரியாவின் கல்யாணத்துக்காகத் தோட்டத்தை விற்று வைத்திருந்த பணம் மொத்தமும் மனைவி ரெங்கம்மாள் கணக்குக்கு மாறியது. அவர் கணக்கில் மிச்சம் முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.

முத்துப்பாண்டி ஃப்ரிட்ஜ் மேல் கொட்டை எழுத்தில் விதிகள் எழுதி ஒட்டினான். தெரியாத நம்பர் சொல்லும் எதையும் நம்பக் கூடாது. ஓ.டி.பி. சொல்லவே கூடாது. யாருக்கு என்ன ஆயிற்று என்று சொன்னாலும், முதலில் அந்த ஆளுக்கே போன் போட்டுக் கேட்க வேண்டும்.

வீட்டில் யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. மண்டபம் பிடித்தார்கள், சமையலுக்கு ஆள் சொன்னார்கள், பத்திரிகை அடித்தார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் பெண்ணைப் பெற்றவருக்குத் தெரிந்தது. போன வாரம் ஒரு லாட்டரிக்காரனைப் போனிலேயே விரட்டியடித்ததாக அவர் பெருமையோடு சொன்னபோது, முத்துப்பாண்டி சோற்றைப் பிசைந்துகொண்டே, "எம்புட்டுப் போச்சு?" என்று கேட்டான். முத்திருளன் அன்றைக்கு ரசம் ஊற்றிக்கொள்ளாமலே எழுந்துவிட்டார்.

முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் செக்கராக இருந்தவர் அவர். டிக்கெட் எடுக்காதவனைக் கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. கண்டக்டர் பக்கத்தில் வரும்வரை அவனை இறங்கவிடாமல் வைத்திருப்பதுதான் வித்தை. சட்டையைப் பிடித்தால் குதித்து ஓடிவிடுவான். ஊரைக் கேட்க வேண்டும், பிள்ளைகுட்டியைக் கேட்க வேண்டும், மழை பெய்ததா என்று கேட்க வேண்டும். டி. கல்லுப்பட்டி ரூட்டில் ஒருவனை இப்படிப் பேசிப் பேசியே திருமங்கலம் தாண்டியும் உட்கார வைத்தவர்.

"ஆதார் நம்பர் சொல்லுங்க சார்."

"கண்ணாடிய எடுத்துட்டு வாரேன் சார்."

கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. அதை எடுத்துவர அவருக்கு ஏழு நிமிஷம் ஆயிற்று.

"பேங்க் அக்கவுண்ட்?"

அதையும் நிதானமாகச் சொன்னார். "ஆனா அதுல முந்நூத்திப் பன்னெண்டு ரூவாதான் சார் இருக்கு."

"வேற அக்கவுண்ட் இல்லையா?"

"எங்க சார் இருக்கு? அம்புட்டும் வீட்டுக்காரி பேர்ல மாத்திட்டாய்ங்க" என்று மனதில் இருந்ததைக் கொட்டினார்.

"சரி சார், அப்ப வச்சிடறேன்" என்று ஒரு குரல்.

மணி ஒன்று முப்பத்தைந்துதான். மகன் வர இன்னும் ஒன்றரை மணி நேரம் போக வேண்டும்.

"சார், சார், இருங்க. கேஸை விசாரிக்க வேணாமா?"

"வேணாம் சார்."

"அந்தப் பார்சல அனுப்பினது நான்தான் சார்."

இவ்வளவு நாள் தொழிலில் அந்த ஆள் இப்படி ஒரு பதிலைக் கேட்டிருக்கமாட்டான் போல. "நீங்களா? எதுக்கு சார்?" என்றான்.

"மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம். செலவு இருக்குல்ல."

செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஒரு திருடனிடம் தன்னை விட்டுவிடாதே என்று கெஞ்சும் நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று முத்திருளனுக்கு அழுகை முட்டியது. ஆனால் ஆள் இறங்கவில்லை. குரலில் சுறுசுறுப்பு வந்திருந்தது.

"வீட்ல யார் இருக்காங்க சார்?"

"யாருமில்ல. வீட்டுக்காரி வண்டியூர்ல தங்கச்சி வீட்டுக்குப் பத்திரிகை வைக்கப் போயிருக்கா."

"அவங்க பேர், நம்பர் சொல்லுங்க. ஃபைல்ல எழுதணும்."

பேரைச் சொல்லிவிட்டு, வாய்க்கு வந்த பத்து எண்களை அடுக்கினார். ஒரு நிமிஷம் கழித்துக் குரல் வந்தது.

"அந்த நம்பர்ல யாரோ கறிக்கடைக்காரர் பேசறாரு. போலீஸ்கிட்ட பொய் சொன்னா ஃபைலை மூடிட்டுப் போய்ட்டே இருப்பேன்."

முத்திருளன் யோசித்தார். நம்பர் என்ன பணமா? ரெங்கம்மாள் ஃப்ரிட்ஜ் விதிகளைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பாள். விவரமானவள் என்றுதானே பணத்தையே அவள் பேரில் போட்டார்கள். சரியான நம்பரைச் சொல்லிவிட்டார்.

"நன்றி சார். எங்க பெரிய ஆபீசர்கிட்ட பேசிட்டு வர்றேன். லைன்லயே இருங்க."

ஒரு டிங்டிங் பாட்டு ஆரம்பித்தது. முத்திருளனுக்கு மூச்சு வந்தது. நேரத்தை ஓட்ட அந்த ஆளே வழி செய்து கொடுக்கிறானே என்று நினைத்தார்.

பாட்டு ஐந்து நிமிஷம் ஓடியதும் போனில் பேட்டரி ஒரு கோட்டுக்கு இறங்கியது. சார்ஜர் வயர் முழ நீளம்தான். பிளக் இருப்பதோ கிரைண்டருக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில். மாட்டிவிட்டு, காதில் போனோடு கிரைண்டர் மேல் கவிழ்ந்து நின்றார். இடுப்பு அப்போதே பேச ஆரம்பித்துவிட்டது.

ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் செல்லக்கிளி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முத்துப்பாண்டிக்குப் போன் போட்டு உடனே வரச் சொல் என்று கையாலும் கண்ணாலும் ஜாடை காட்டினார்.

"போன் பேசுறீகளா? பேசுங்கண்ணே, பேசுங்க. நான் அப்புறமா வாரேன்" என்று அவள் ஜன்னலை வெளியிலிருந்து மரியாதையாகச் சாத்திவிட்டுப் போனாள். இருந்த காற்றும் நின்றது.

அப்புறம் ரெங்கம்மாள் ஆரம்பித்தாள். பாட்டுக்கு நடுவே டொய்ங் டொய்ங் என்று அவள் பெயர் வந்து மின்னியது. எதற்கென்று அவருக்குத் தெரியும். போகும்போது ஒரு கட்டு முருங்கைக்கீரையை உருவி வைக்கச் சொல்லியிருந்தாள். உருவவில்லை. அவளை எடுத்தால் இவன் போய்விடுவான். விட்டுவிட்டார். மறுபடி கூப்பிட்டாள். மறுபடி விட்டார். கல்யாண வேலைக்கு நான் ஆகமாட்டேன், கீரைக்கு மட்டும் ஆவேனாக்கும் என்று ரோஷம் வந்தது. அடுத்தடுத்து வந்த டொய்ங்குகளை எண்ணுவதையும் நிறுத்திவிட்டார்.

இடையிடையே அந்த ஆள் வந்து, "லைன்ல இருக்கீங்களா சார்?" என்று கேட்டான்.

"இருக்கேன் சார். நீங்க போயிராதீக" என்றார் முத்திருளன். வேர்வை கிரைண்டர் மேல் சொட்டியது. ஊர் பேர் தெரியாத ஒருத்தன் காலில் விழாத குறையாகத் தொங்குகிறோமே, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று நினைத்தார். ஆனாலும் வைக்கவில்லை.

இரண்டு ஐம்பதுக்கு முத்துப்பாண்டியின் பைக் வந்து நின்றது. உள்ளே வந்தவன் கிரைண்டர் மேல் கிடந்த அப்பாவைப் பார்த்து, "என்னப்பா, நெஞ்சு வலியா?" என்றான்.

முத்திருளன் உதட்டில் விரலை வைத்து, ஸ்பீக்கரை அமுக்கினார். சரியாக மூன்று மணிக்குப் பாட்டு நின்று குரல் வந்தது.

"சார், பெரிய ஆபீசர் உங்க போதைப் பார்சல் விஷயத்தை முடிச்சிட்டாரு. உங்க ஒத்துழைப்புக்கு ரொம்ப நன்றி. நீங்க போகலாம்."

போன் கட் ஆனது.

நடந்ததையெல்லாம் முத்திருளன் இடுப்பைப் பிடித்துக்கொண்டே சொன்னார். முத்துப்பாண்டி கேட்டுக் கேட்டுச் சிரித்தான், தரையில் உட்கார்ந்து சிரித்தான். அவன் அப்பாவோடு சேர்ந்து சிரித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"ஏப்பா, ரெண்டு மணி நேரமா ஒருத்தன வச்சு ஆட்டியிருக்கீகளே. ஒத்தப் பைசா போகலயா?"

"முந்நூத்திப் பன்னெண்டும் அப்படியே இருக்குடா."

முத்துப்பாண்டி எழுந்து போய்ப் பீரோவைத் திறந்து டச் போனை எடுத்துவந்து அவர் கையில் வைத்தான். "நாளைக்கு மண்டபத்துக்காரர்கிட்ட நீங்களே போயிப் பேசிருங்கப்பா. மிச்சப் பணத்தையும் உங்க கையால குடுத்துருங்க" என்றான்.

முத்திருளனுக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கத் தோன்றாமல் துண்டால் துடைத்துக்கொண்டார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் மகனுக்கு எதிரில் உட்கார்ந்து, ரசம் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார்.

சாப்பாடு முடியும் நேரத்தில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ரெங்கம்மாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தாள். புருஷனின் கன்னம், தோள், முதுகு எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள்.

"அடிச்சாங்களா?"

"யாரு?"

"மறைக்காதீங்க. உங்கள ஸ்டேஷன்ல வச்சிருக்கிறதா அந்த ஆபீசர் சொல்லிட்டாரு. போதைப் பார்சல அனுப்பினதா நீங்களே ஒத்துக்கிட்டதயும் போன்ல போட்டுக் காட்டினாரு. உங்க குரல எனக்குத் தெரியாதா? மகன்கிட்டச் சொல்றேன்னதுக்கு, அவனையும் கேஸ்ல சேத்துருவேன்னு மிரட்டினாரு."

முத்துப்பாண்டியின் கையிலிருந்த சோறு கையிலேயே நின்றது.

"அப்பவும் நான் நம்பலங்க. ஃப்ரிட்ஜ்ல எழுதியிருக்கிற மாதிரி முதல்ல உங்களுக்குத்தான் போட்டேன். பதினோரு தடவை போட்டேன். போன் எங்ககிட்ட இருக்கு, எங்கேஜ்டாத்தான் வரும்னு அவரு சொன்ன மாதிரியே அம்புட்டுத் தடவையும் எங்கேஜ்டு."

முத்திருளன் டச் போனை மெல்ல மகன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

ரெங்கம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிம்மதியாக மூச்சு விட்டாள். "கல்யாணப் பணம் போனாப் போகுது, விடுங்க. மூணு மணிக்குள்ள பேங்குல கட்டிட்டா மூணு மணிக்கே உங்கள விட்டுருவேன்னாரு. சொன்ன சொல்லு தவறாம விட்டுட்டாரு பாருங்க, நல்ல மனுஷன்."