பெண் பார்க்கும் முன் எண்ணெய் பார்த்த கதை

லீவுக்கு வெளியூர் போகிறவர்கள் பெட்டி, படுக்கை, கூஜா எல்லாவற்றையும் ஞாபகமாக எடுத்துக்கொள்வார்கள். வயிறும் கூடவே வருகிறது என்பதை மட்டும் மறந்துவிடுவார்கள். நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் எங்கள் குடும்பத்தில் ஒரு கல்யாணம் ஒழுங்கு முறைப்படி நடந்திருக்கும்.

அறுபதுகளின் கடைசி. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பெரம்பூர் வீட்டில் மாமனார், மாமியார், கணவர், கொழுந்தனார் சேகர், நான் என்று ஐந்து பேர். வைகாசியில் கருடசேவை பார்க்கக் காஞ்சிபுரம் போய் ஒரு வாரம் தங்கி வருவதென்று முடிவானது. அப்படியே பிள்ளையார்பாளையத்தில் சேகருக்கு ஒரு பெண்ணையும் பார்த்துவிடலாம் என்றார்கள். (கருடசேவை சாக்கு, பெண்தான் காரியம் என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது. நான் அப்போது அவ்வளவு வெகுளி. இப்போதும் பெரிய முன்னேற்றம் இல்லை.)

எங்கள் வீட்டு வயிறுகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மாமாவுக்கு வேர்க்கடலை ஒத்துக்காது. கடலை எண்ணெயில் செய்த ஒரு அப்பளம் போதும், முழங்கை மடிப்பில் அரிப்பு கிளம்பி விடிய விடியச் சொறிந்துகொண்டிருப்பார். அத்தைக்குத் தேங்காய் எண்ணெய் வாசனை வந்தாலே குமட்டும். என் கணவருக்கு வனஸ்பதி தின்றால் இருமல். சேகருக்கு எள். இதுதான் இருப்பதிலேயே பெரிய தொந்தரவு. எள்ளோ நல்லெண்ணெயோ உள்ளே போன கொஞ்ச நேரத்தில் உதடு தடித்து, கண் இமை வீங்கி, உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பும். ஒரு ஊசி போட்டால் மறுநாள் சரியாகிவிடும். டாக்டர் அதற்கு அலர்ஜி என்று பேர் சொன்னார். அந்தப் பேர் எங்கள் வீட்டில் யார் வாயிலும் நுழையாததால் 'ஒத்துக்காது' என்றே சொல்லிக்கொண்டிருந்தோம்.

அதற்கு முந்தின தை மாதம் சேகருக்கு வந்த ஒரு நல்ல இடம் இதனாலேயே தட்டிப்போயிருந்தது. 'பையனுக்கு மூஞ்சி வீங்கற வியாதி' என்று யாரோ போய்ப் பற்ற வைத்துவிட்டார்கள். பாவம், சேகர் அதற்கப்புறம் ரொம்ப நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அதனால் அத்தை இந்தத் தடவை எல்லோரையும் உட்காரவைத்துக் கண்டிப்பாகச் சொன்னார்.

"எள்ளுன்ற பேச்சே யார் வாய்லயும் வரக்கூடாது. மொதல்ல அவங்க பையனைப் பார்க்கட்டும், இவன் பொண்ணைப் பார்க்கட்டும். மத்ததைப் பக்குவமா அப்புறம் சொல்லிக்கலாம்."

பெரம்பூரில் அத்தை சமையல்கட்டில் ஆளுக்கொரு எண்ணெய் ஜாடி, ஆளுக்கொரு வாணலி. காஞ்சிபுரத்தில் எங்களுக்குக் கிடைத்தது தெரிந்தவர் வீட்டு மாடியில் ஒரு அறை, ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ். இதில் எப்படிச் சமைப்பது என்று அத்தை கவலைப்பட்டபோது நான் எழுந்தேன். நான் காலேஜில் மனையியல் படித்தவள். அதை யாரும் மறந்துவிடாமல் பார்த்துக்கொண்டவள்.

"எண்ணெயே வேணாம் அத்தை. எல்லாத்தையும் ஆவியில வேகவெச்சிடலாம். சத்தும் போகாது, சண்டையும் வராது. ஒரு வாரமும் நானே பார்த்துக்கறேன்."

அத்தை என்னை அதிசயமாகப் பார்த்தார். அந்தப் பார்வைக்காக நான் ஒரு வாரம் என்ன, ஒரு வருஷம்கூட ஆவியில் வேகவைத்திருப்பேன்.

காலையில் இட்லி. தட்டில் எண்ணெய் தடவாமல் துணி போட்டு வார்த்தது. தொட்டுக்கொள்ள, தாளிக்காத சட்னி. மத்தியானம் தாளிக்காத புடலங்காய்க் கூட்டு, தாளிக்காத ரசம். ராத்திரி இடியாப்பம் அல்லது கொழுக்கட்டை. மறுநாள் காலையில் மறுபடியும் துணி இட்லி. முதல் நாள் எல்லோரும் பாராட்டினார்கள். இரண்டாம் நாள் பேசாமல் சாப்பிட்டார்கள். மூன்றாம் நாள் மாமா கூட்டைக் கரண்டியால் கிளறிப் பார்த்துவிட்டு, "இது நேத்து வெச்சதா, இன்னைக்கு வெச்சதாம்மா?" என்று மரியாதையாகக் கேட்டார். கோயிலுக்குப் போய்வந்த என் கணவரின் சட்டையில் கற்பூர வாசனைக்குப் பதில் மெதுவடை வாசனை அடித்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. நானும் அதே வடைக்காக ஏங்கிக்கொண்டிருந்தேன்.

பெண் பார்க்கும் நாள் காலையில்தான் எனக்குப் பொறி தட்டியது. சாயங்காலம் அவர்கள் வீட்டில் பஜ்ஜி வைப்பார்களே, எந்த எண்ணெயில் போடுவார்கள்? நல்லெண்ணெயாக இருந்தால் சேகர் சாப்பிடக் கூடாது. சாப்பிடாவிட்டால் பெண் பிடிக்கவில்லை என்று அர்த்தமாகிவிடும். ஏன் சாப்பிடவில்லை என்று சொன்னால் வியாதிக் கதை வெளியே வந்துவிடும்.

"நான் போய்க் கண்டுபுடிச்சிட்டு வந்துடறேன். புடவை வாங்க வந்தவ மாதிரி போறேன். நான் யாருன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

அத்தை யோசித்தார். "சரி, போயிட்டு சட்டுன்னு வா. எதையும் உளறிடாத." (அங்கே ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காதே என்று அவர் சொல்லியிருக்கலாம். நான் இதைப் பலமுறை அவரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.)

பிள்ளையார்பாளையத்தில் உச்சி வெயில். வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். நான் போய் நின்ற வீட்டில் பெண்ணின் அப்பா தறிக்குழியில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். மாம்பழக் கலரில் அரக்குக் கரை போட்ட புடவை இருக்கிறதா என்று கேட்டேன். அவர் தறியை நிறுத்தி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இங்க விக்கறது இல்லம்மா. கடைக்குத்தான் நெய்யறோம்."

நான் ஒரு வாரமாகப் போட்டுவைத்த திட்டம் என்று சொல்ல முடியாது. காலையில்தான் போட்டேன். ஆனாலும் ஒரே வரியில் முடிந்துபோகும் என்று எதிர்பார்க்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அதற்குள் அவர் மனைவி உள்ளேயிருந்து வந்தார்.

"இன்னாம்மா, வெயில்ல வந்துக்கினு இப்படியே நின்னா மயக்கம் வரும். உள்ள வா. சோறு ஆயிடுச்சு, ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போ."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போது சமையல்கட்டிலிருந்து வாசனை வந்தது. எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு. கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை, பூண்டு எல்லாம் எண்ணெயில் முறையாகத் தாளித்த வாசனை. ஒரு வாரமாகத் துணி இட்லி தின்றவளுக்கு அந்த வாசனை என்ன செய்யும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். எண்ணெய் எதுவென்று நாக்கில் வைத்தே கண்டுபிடித்துவிடலாம், இதுவும் கடமைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இலையில் உட்கார்ந்தேன்.

குழம்பு ஊற்றினார்கள். சாப்பிட்டேன். மறுபடி ஊற்றினார்கள். ரசம் வந்தது, மோர் வந்தது, பொரித்த வடகம் வந்தது. நடுநடுவே துப்பறியும் வேலையையும் விடவில்லை.

"குழம்பு வாசனை தூக்குதே, என்ன எண்ணெய்ம்மா?"

"நல்லெண்ணெய்தான். செக்குல ஆட்டினது."

"அதானே பார்த்தேன். இந்த வாசனை வேற எதுல வரும்? இப்படி ஒரு எண்ணெயை நான் பார்த்ததே இல்ல" என்று விரலை நக்கிக்கொண்டு புகழ்ந்து தள்ளினேன். துப்பு கிடைத்துவிட்டது. வந்த வேலை முடிந்தது. ஏப்பம் விட்டு, கும்பிட்டு, ரிக்‌ஷா ஏறினேன்.

மாடி ஏறும்போதே செய்தியைச் சொல்லிவிட்டேன். "நல்லெண்ணெய்தான் அத்தை. தம்பி கையால தொடக்கூடாது."

"எப்படிக் கண்டுபுடிச்ச?"

"சாப்ட்டுப் பார்த்தேன்."

"இன்னா சாப்ட்ட?"

"சோறுதான்."

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மாமா கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தார். சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்கக் கூடாது. காபி, பலகாரம் பரவாயில்லை. சோற்றில் கை வைத்தால் பெண்ணுக்குச் சம்மதம் என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனால் நான்தான் புடவை வாங்கப் போனவள் ஆயிற்றே.

"அவங்களுக்கு நான் யாருன்னே தெரியாது" என்றேன்.

அப்போது கீழே யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம். பெண்ணின் தாய்மாமன் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூவோடு மேலே வந்தார். மாமாவைப் பார்த்து வாய் கொள்ளாமல் சிரித்தார்.

"நீங்க வந்து எறங்கன அன்னைக்கே உங்க ஊட்டாளுங்க எல்லாரையும் கோயில்ல பார்த்துட்டோம். பெரிய மருமவளை இப்படித் தனியா அனுப்புவீங்கன்னு எதிர்பார்க்கல. ரெண்டு தரம் குழம்பு வாங்கி வயிறார சாப்ட்டாங்க. எங்களுக்கு மனசு நெறைஞ்சிடுச்சுபா. சாயங்காலம் வந்து தாம்பூலம் மாத்திக்கலாம்."

அவர் படி இறங்கிப் போனார். சேகர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அண்ணி, பொண்ணையாச்சும் பார்த்தீங்களா?"

நான் யோசித்துப் பார்த்தேன். குழம்பு ஊற்றியது ஒரு சின்னப் பெண்தான். இரண்டாவது தரமும் அவள்தான் ஊற்றினாள். கரண்டி ஞாபகம் இருந்தது. கரண்டியைப் பிடித்த கைகூட ஞாபகம் இருந்தது. முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

"கை நல்லா இருந்தது தம்பி" என்றேன்.

என் கணவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். முதுகு குலுங்கியது. எனக்கு அழுகை வந்தது. வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகவில்லை, கொழுந்தனார் வாழ்க்கையை ஒரு குழம்புக்கு விற்றுவிட்டேனே என்று தேம்பினேன். மாமாதான் நிதானமாகப் பேசினார். "போய்ப் பார்க்கலாம். சாப்ட்டுட்டு வேணாம்னு சொன்னோம்னா அந்தப் பொண்ணைப் பத்தி ஊரு இன்னா பேசும்? அதையும் யோசிக்கணும் இல்ல?"

சாயங்காலம் போனோம். பெண் தட்டோடு வந்தாள். பேர் மரகதம். இந்தத் தடவை நான் முகத்தை நன்றாகப் பார்த்தேன். லட்சணமான முகம், சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த வாய். (மத்தியானம் நான் விரலை நக்கியதை நினைத்துத்தான் சிரித்தாளாம்.) சேகரும் பார்த்தார். பார்த்தவர் அப்புறம் வேறு எதையும் பார்க்கவில்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பிறகு தட்டைப் பார்த்தேன். வந்த உயிர் மறுபடி போனது. பளபளவென்று பஜ்ஜி. பக்கத்தில் உருண்டையாக, கறுப்பாக, எள்ளுருண்டை.

"மத்தியானம் எங்க எண்ணெயைப் பத்தி அவ்ளோ சொன்னீங்களேம்மா, அதான் எல்லாத்தையும் நல்லெண்ணெய்லயே போட்டுட்டோம். உருண்டை மரகதம் புடிச்சது" என்றார் பெண்ணின் அம்மா, என்னைப் பார்த்து அன்பாக.

"தம்பிக்கு இன்னைக்கு வயிறு கொஞ்சம் சரியில்ல" என்று இழுத்தேன். மரகதத்தின் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு போய்விட்டது. தட்டைத் திருப்பி எடுக்கக் குனிந்தாள்.

சேகர் கையை நீட்டி ஒரு எள்ளுருண்டையை எடுத்தார். நான் கண்ணால் சாடை காட்டினேன், அத்தை இருமினார். அவர் எங்கள் பக்கமே திரும்பவில்லை. முழுசாக வாயில் போட்டு, நிதானமாக மென்று முழுங்கிவிட்டு, "நல்லா இருக்குது" என்றார்.

தாம்பூலத் தட்டு வருவதற்குள் உதடு தடிக்க ஆரம்பித்தது. அப்புறம் இடது கண். பெண்ணின் மாமன் சேகரையே உற்றுப் பார்த்தார். அத்தை, "வெயில் சூடு, மெட்ராஸ்காரன் பாருங்க" என்று சமாளித்துப் பார்த்தார். அதற்குள் வலது கண்ணும் மூடிக்கொண்டது. இதற்கு மேல் என்னால் முடியவில்லை. எள், நல்லெண்ணெய், தட்டிப்போன இடம், துணி இட்லி, தாளிக்காத புடலங்காய், நான் புடவை கேட்டு வந்தது வரை ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

கதவோரம் நின்ற மரகதம்தான் மெதுவாகக் கேட்டாள்.

"தெரிஞ்சுக்கினேவா சாப்ட்டாரு?"

சேகரால் பேச முடியவில்லை. வீங்கின முகத்தோடு ஆமாம் என்று தலையை ஆட்டினார். பெண்ணின் அப்பா எழுந்து சட்டையை மாட்டினார். "மொதல்ல ஊசி. தாம்பூலம் எங்க போயிடப்போவுது?" என்று மாப்பிள்ளையைக் கைத்தாங்கலாகப் பிடித்து ரிக்‌ஷாவில் ஏற்றினார். பின்னாலேயே அவர் மனைவி, சமையல்கட்டில் இருந்த நல்லெண்ணெய் ஜாடியைத் தூக்கிக்கொண்டு போய் எதிர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. பந்தியில் என்ன போடலாம் என்று என்னை யாரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் பெண் பார்க்கக் கிளம்பினாலும், எனக்கு முதலில் வீட்டிலேயே வயிறு முட்டச் சோறு போட்டுத்தான் அழைத்துப் போகிறார்கள். என் சொந்த மகனுக்குப் பெண் பார்க்கப் போனபோதும் அப்படித்தான். மரகதம் என் பக்கத்தில் உட்கார்ந்து என் வலது கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

அவர்களுக்குள் புருஷன் பெண்டாட்டிச் சண்டை வந்தால் சேகர் நேராக என்னிடம்தான் வருவார். "சாப்ட்டது நீங்க அண்ணி, செரிச்சிக்கினு இருக்கறது நான்" என்பார். மரகதம் சமையல்கட்டிலிருந்தே கேட்பாள்: "குழம்பை அவங்க சாப்ட்டாங்க, சரி. உருண்டையை யாரு உங்க வாய்ல திணிச்சா?"

அதோடு சேகரின் சண்டை முடிந்துவிடும். இலைக்கு முன்னால் உட்கார்ந்து, போட்டதைச் சாப்பிட்டுவிட்டுப் போவார்.