ஒரு பை வைப்போம்

கண்டி, செவ்வாய்

அன்புள்ள ஸ்ரனிஸ்லாஸ் சித்தப்பாவுக்கு,

இல்லை, அப்பா தைரியமாகச் சம்மதித்தார் என்று அம்மா உங்களிடம் சொன்னது சரியில்லை. அவர் சம்மதித்தது வேறொன்றுக்கு. தெல்தோட்டையில் எல்லோரும் சுகமா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். மன்னியுங்கள்.

காலையில் பெரிய டொக்டர் வார்டுக்கு வந்தார். சிங்களவர். அப்பாவுக்காகத் தமிழிலேயே பேசினார். குடலில் பல வருடப் புண், இனிப் புற்றாக மாறலாம், பெருங்குடலை எடுத்துவிடுவோம் என்றார். பிறகு, "ஹென்றி ஐயா, ஒரு பை வைப்போம். பரவாயில்லையா?"

"பை ரெடி சேர்," என்றார் அப்பா. "தேர்மோஸ், போர்வை, செபமாலை எல்லாம் வச்சாச்சு."

டொக்டர் அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அது வயிற்றில் துளையிட்டு, மலம் வந்து சேர வெளியே ஒட்டுகிற பை. எனக்குத் தெரியும். அப்பாவோ அடுத்த கட்டில் முஹைதீன் நானாவிடம், "டொக்டரே நம்ம பைய பாத்துக்குறாராம்," என்று பெருமையடிக்க, அவர், "ஒங்களுக்கென்ன ஹென்றி, ராஜா. என்ட பைய ஒரு பூனையும் பாக்குதில்ல," என்றார். வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன்.

படித்தவள் என்பீர்கள். இந்த நோயைப் பற்றிப் படித்ததுதான் பிரச்சினை. அப்பாவைப் போலக் குடலோடு ஈரலும் பழுதானவர்களுக்கு இரத்தம் நிற்கத் தாமதிக்கலாம். அந்தத் துளையைச் சுற்றியே பிற்காலத்தில் இரத்தம் கசியலாம். அவருக்குப் போல ஈரல் இன்னும் தாங்கும்போது செய்தால் பெரும்பாலும் தேறிவிடுகிறார்கள். பெரும்பாலும். அந்தச் சொல்லுக்கு உள்ளேயா அப்பா, வெளியேயா?

சொன்னால் எழுந்து வீட்டுக்கு வந்துவிடுவார். சொல்லாவிட்டால், மயக்கம் தெளிந்து போர்வையை விலக்கிப் பார்ப்பார். வியாழக்கிழமை ஒப்பரேஷன். நாளைக்கு முதல் பஸ்ஸிலயே வாங்க சித்தப்பா. நீங்கதான் சொல்லணும். என்னால ஏலாது. ஃபோன்ல பேசினா அழுதுருவேன், அதான் எழுதி வட்ஸ்அப்ல அனுப்புறேன்.

சித்தியையும் பிள்ளைகளையும் மாதா பார்த்துக்கொள்ளட்டும்.

உங்கள் மகள்,
அஞ்சலா

பி.கு.: வர வேண்டாம். இதை வார்டில் உட்கார்ந்து எழுதியது பிழை. "என்ன புள்ள அழுவுற?" என்றார் அப்பா. சொல்லிவிட்டேன்.



"எல்லாம் வெளியவா?"

"ஆமாப்பா."

"ஈரல் தாங்குமா?"

"இப்ப தாங்கும்னு சொல்றாங்க. பிந்தினாத்தான் கஷ்டமாம்."

அப்பா சாரத்து முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "அப்ப சாரத்த எங்கிட்டு கட்டுறது?"

நர்ஸைக் கூட்டிவந்தேன். அப்பா எழுந்து நின்று இடுப்பில் சாரத்தைக் கட்டிக் காட்டினார். முடிச்சுப் படாத இடமாகப் பார்த்து, பைக்காக வயிற்றில் நர்ஸ் பேனையால் வட்டம் போட்டார். நான் திரையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.