சைக்கிளில் போட்ட ஆடிச்சுற்று

மனைவியின் நேர்த்திக்கடனைத் தானே தீர்த்துவிடுவதாக ஒருவன் முன்வந்தால், அவனுக்குக் கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை என்று அர்த்தம்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. சங்கரன்கோவிலில் எனக்குக் குமாஸ்தா உத்தியோகம். முந்தின வருஷம் டைபாய்டில் பிழைப்பேனா என்று கிடந்தபோது, என் மனைவி செண்பகம் கோமதி அம்மனுக்கு ஆடிச்சுற்று நேர்ந்துகொண்டாள். ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியதும் கோயிலைச் சுற்றிச் சுற்றி நடக்க வேண்டும். நான் பிழைத்தேன். கொடியும் ஏறியது. ஆனால் அவளுக்கு எட்டாம் மாசம். நடக்கவே கூடாது என்று மருத்துவச்சி சொல்லிவிட, அம்மனுக்குக் கொடுத்த வாக்கு தவறுகிறதே என்று அழுதாள்.

"அழாத. ஒனக்குப் பதிலா நான் சுத்துதேன்" என்றேன்.

அவள் பார்த்த பார்வையில் நான் நாயனாராகவே ஆகிவிட்டேன். மூன்றாவது சுற்றில் நாயனார் நொண்ட ஆரம்பித்தார். ரத வீதி தோசைக்கல்லாகக் காய்ந்தது. (எண்ணெய் விடாததுதான் பாக்கி.) சுற்றுவதாகத்தானே நேர்ந்தாள், காலால் என்று சொன்னாளா? வாடகை சைக்கிள் எடுத்தேன்.

சுகமான பக்தி. மணியடித்து, நடக்கிற பெண்களை விலக்கிப் பறந்தேன். வடக்கு வீதித் திருப்பத்தில் ஒரு அம்மாள் மாவிளக்குத் தட்டோடு வந்தாள். பிரேக் பிடித்தேன். அது பிடிக்கவில்லை.

தலை முதல் கால் வரை மாவும் வெல்லமுமாக எழுந்தேன்.

"ஏய்யா, கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு? சாமி சுத்துத எடத்துல சைக்கிளா?" என்று அந்த அம்மாள் கத்த, வீதியே சிரித்தது.

வீட்டில் செண்பகம் என் காதிலிருந்த மாவைத் துடைத்தபடி கேட்டாள்: "எதுக்கு சைக்கிள்?"

"சீக்கிரம் முடிக்கலாம்னு..."

"சீக்கிரம் முடிக்கவா நேந்தேன்? ஒங்களக் காப்பாத்துனவகூட கொஞ்ச நேரம் நடக்கணும்னுதான நேந்தேன். நீங்க அவளையே முந்திட்டுல்லா போயிருக்கிய!" சொல்லிவிட்டு அவளும் சிரித்துவிட்டாள்.

எனக்கு அம்மன் எங்கோ மேலே இருக்கும் பெரிய அதிகாரி. விண்ணப்பம் போய்ச் சேர்ந்தால் சரி. செண்பகத்துக்கோ பக்கத்தில் கூடவே நடந்து வருகிறவள். அன்றைக்கு என் மனைவி மேல் வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

அடுத்த ஆடியில் இடுப்பில் மகளோடு அவளே சுற்றினாள். நான் வெறுங்காலோடு பின்னால் நடந்தேன். அதன்பின் ஒரு வருஷமும் அவள் விட்டதில்லை. இப்போது அவள் இல்லை. யாரும் சொல்லாமலே மகள் நடக்கிறாள், பேத்திகள் நடக்கிறார்கள். கம்பை ஊன்றிக்கொண்டு நான் கொஞ்சம் பிந்தினால் போதும், சின்னவள் திரும்பிக் கத்துவாள்:

"தாத்தா, சைக்கிள் எடுத்தாரட்டா?"

"வேண்டாம் மக்கா. முன்னால ஒங்க ஆச்சி போறா. முந்திரக் கூடாது."