அரை வாளி ஜன்னல்

விரல் நுழையும் இடைவெளி இருந்த பழைய மர ஜன்னல் வழியாக, ஒரு மழைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் உள்ளே வந்தது. எறும்புகூட நுழைய முடியாத புது ஜன்னல் வழியாக அரை வாளி வருகிறது. இது எப்படி என்று சவரிமுத்துவுக்குப் புரியவில்லை.

அவருக்கு ஒன்று புரியாமல் போவதே அபூர்வம். சாகண் தொழிற்பேட்டையில் கார் ரேடியேட்டர் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஒழுகல் சோதனை அவருடைய பொறுப்பு. ரேடியேட்டருக்குள் காற்றை அடைத்துத் தண்ணீரில் முக்குவார். ஒரே ஒரு குமிழி வந்தாலும் சிவப்புப் புள்ளி வைத்துத் திருப்பி அனுப்பிவிடுவார். பத்தொன்பது வருடமாகப் புள்ளி வைக்கிறார்.

"ஊருக்கெல்லாம் ஓட்டை கண்டுபிடிக்கிற மனுஷன்," என்றாள் அவர் மனைவி செல்வமேரி, தரையைத் துணியால் ஒற்றிக்கொண்டே.

"கண்டுபிடிச்சிடுவேன் மேரி. தண்ணிக்கு மூளை கிடையாது. எனக்கு இருக்கு."

"ஆனா தண்ணிதானே ஜெயிச்சுக்கிட்டிருக்கு?"

தேஹு ரோட்டில் இருக்கும் அந்த வீட்டுக்கு நாற்பது வயது. பழைய ஜன்னலின் நோய் என்ன என்பது சவரிமுத்துவுக்கு மனப்பாடம். மரம் ஈரக்காற்றைக் குடிக்கும். குடித்தால் அகலத்தில் பருக்கும். அதனால் ஜூலை மாதம் கதவு சட்டத்துக்குள் இறுகி, இழுத்தாலும் வராது, தள்ளினாலும் போகாது. தச்சர் வந்து இழைத்துவிட்டுப் போவார். மே மாதம் மரம் காய்ந்து சுருங்கியதும், இழைத்த இடம் விரல் நுழையும் இடைவெளியாகிவிடும்.

ஆகவே புது ஜன்னலை அவர் சும்மா தேர்ந்தெடுத்துவிடவில்லை. மரம், இரும்பு, அலுமினியம், பிளாஸ்டிக் என்று நான்கு மாதிரித் துண்டுகளை வாங்கிவந்து, குளிக்கிற வாளியில் ஒரு வாரம் ஊறப்போட்டார். செல்வமேரி பக்கத்து வீட்டில் வாளி இரவல் வாங்கிக் குளித்தாள். எட்டாம் நாள் மரம் பருத்திருந்தது, இரும்பு துருப்பிடித்திருந்தது. அலுமினியமும் பிளாஸ்டிக்கும் அப்படியே இருந்தன. பிற்பகலில் தொட்டுப் பார்த்ததில் அலுமினியம் வெயிலில் சுட்டது. பிளாஸ்டிக் வென்றது. வெளியே கொய்யாக் கிளை இடிக்கும் என்பதால், திறக்கிற கதவு வேண்டாம், நகர்த்துகிற கதவுதான் என்றும் முடிவாயிற்று.

எல்லாம் சரியாகத்தான் செய்தார். முதல் மழையில் அரை வாளி.

"முத்து, தெளிவா ஒண்ணு சொல்லிடுறேன்," என்றாள் செல்வமேரி. "வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள இது நிக்கணும். நிக்கல, வீட்டை வித்துட்டு வாகட்ல ஃபிளாட்டுக்குப் போறோம். புரோக்கர் ரவிசந்திரனை வரச் சொல்லியாச்சு."

காலையில் கதவைத் திறந்தால் காலில் மண் படுகிற வீடு அது. லிஃப்டில் ஏறிப்போய்ப் படுக்கிற வாழ்க்கை தனக்கு ஒத்துவராது என்பதில் சவரிமுத்துவுக்கு ஐயமே இல்லை.

"ஞாயிறு எதுக்கு? புதனே போதும்," என்றார்.

செவ்வாய்க்கிழமை, ஜன்னல் சட்டமும் சுவரும் சேரும் விளிம்பு முழுவதும் வெளிப்பக்கமாக சிலிக்கான் பசையைப் பிதுக்கிப் பூசினார். கேக் மேல் கிரீம் வைப்பதுபோல அழகாக வந்தது.

புதன்கிழமை மழையில் முழு வாளி நிறைந்தது.

"முன்னேற்றம் இருக்கு," என்றார் சவரிமுத்து.

"யாருக்கு?"

"பாரு மேரி. விளிம்பை அடைச்சதும் தண்ணி கூடியிருக்கு. அப்படின்னா விளிம்பு வழியா தண்ணி உள்ள வரல. வெளிய போயிட்டிருந்திருக்கு. அந்த வழியைத்தான் நான் அடைச்சுட்டேன். ஒரு சந்தேகம் தீர்ந்துச்சு இல்லையா?"

"பெருமையா வேற சொல்றீங்க."

வியாழக்கிழமை மழைக்காகவே காத்திருந்து, டார்ச் விளக்கோடு தரையில் படுத்துப் பார்த்தார். கண்டுபிடித்துவிட்டார். சட்டத்தின் அடியில், அறையைப் பார்த்தபடி, அரை அங்குல நீளத்தில் இரண்டு துளைகள். அவற்றிலிருந்து தண்ணீர் அமைதியாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

"மேரி! ஓட்டை! கம்பெனியிலேயே ஓட்டை போட்டு அனுப்பியிருக்கான்! அதுவும் ரெண்டு!"

ஒழுகல் சோதனைக்காரருக்கு ஓட்டை என்றால் ஓட்டைதான். இரண்டையும் பசைபோட்டு அடைத்து, மேலே பழக்கதோஷத்தில் சிவப்புப் புள்ளியும் வைத்தார்.

வெள்ளிக்கிழமை சொட்டவே இல்லை. சவரிமுத்து டீயை ரசித்துக் குடித்தார். மழை வலுத்தது. கதவுகள் நகருகிற தடத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்து, ஒரு காற்று அடித்ததும், மொத்தமாக சோபாவின் மேல் பாய்ந்தது. சோபாவில் கல்லூரிப் பாடம் படித்துக்கொண்டிருந்த மகள் சோனியா நனைந்த நோட்டோடு எழுந்தாள்.

"அப்பா, யே க்யா ஹை? விண்டோவா, வாட்டர்ஃபாலா?"

"தேங்குற தண்ணி எடை போடுது, கண்ணு. உயரம் கூடினா அழுத்தம் கூடும்."

"என் நோட்டும் வெயிட் போட்டுடுச்சு அப்பா."

சனிக்கிழமை சவரிமுத்து விட்டுக்கொடுத்தார். ஆனால் முறையாக விட்டுக்கொடுத்தார். அடைத்த துளைகளைத் திரும்பவும் குடைந்து, மீன்தொட்டிக் கடையில் வாங்கிய மெல்லிய பிளாஸ்டிக் குழாய்களைச் செருகி, அவற்றை வாளியில் விட்டார். தரை நனையவில்லை. சோபா நனையவில்லை. வாளி மட்டும் நிறைந்தது.

செல்வமேரி இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். "நல்லாயிருக்கு. ஜன்னலுக்கு சலைன் ஏத்துறீங்க. பேஷண்ட் பிழைக்குமா?"

"ஒழுகுறது நின்னுடுச்சா இல்லையா?"

"ஒழுகுறது குழாய்ல வருது. அவ்வளவுதான் வித்தியாசம். நாளைக்கு ரவிசந்திரன் வர்றாரு."

ஞாயிறு காலை, கொட்டுகிற மழையில், குடையை உதறிக்கொண்டு ரவிசந்திரன் வந்தார். இருபது வருடமாக பிம்ப்ரியிலிருந்து லோனாவ்லாவரை வீடு காட்டுகிறவர். சுவரைத் தட்டினார். கூரையைப் பார்த்தார். பிறகு ஜன்னல் முன் வந்து நின்றார். இரண்டு குழாய்களும் வாளியில் சலசலத்துக்கொண்டிருந்தன. அவர் குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார்.

இப்படி ஒரு மனிதர் தன் ஜன்னலை ஆராய்வதைப் பார்த்ததும் சவரிமுத்துவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. வீடு கைவிட்டுப் போகிற நேரத்திலும் விளக்காமல் இருக்க முடியவில்லை.

"நல்ல சரக்கு சார். கதவு ரெண்டும் வெள்ளை. சட்டத்துக்கு மட்டும் ஒரு பக்கம் தேக்கு நிறம், பாத்தீங்களா? அசல் மரம் தோத்துப்போகும். மாட்ட வந்தவங்க இந்தத் தேக்குப் பக்கத்தைத் தெருவைப் பார்க்க வைக்கத்தான் பார்த்தாங்க. நாங்க விடல."

"பின்ன?" என்று செல்வமேரியும் சேர்ந்துகொண்டாள். ஜன்னல் விஷயத்தில் கணவனும் மனைவியும் ஒத்துப்போன ஒரே இடம் அது. "காசு குடுத்தது நாங்க. தேக்கைப் பார்த்து ரசிக்கிறது ரோட்ல போறவனா? 'பையா, உல்டா லகாவ், திருப்பி மாட்டு'னு நான்தான் கண்டிப்பா சொல்லிட்டேன். முணுமுணுத்துக்கிட்டேதான் மாட்டிட்டுப் போனாங்க."

ரவிசந்திரன் ஒரு குழாயைத் துளையிலிருந்து உருவினார். தண்ணீர் அவர் செருப்பின் மேல் ஒழுங்காக, நேராக, ஒரு துளி சிதறாமல் விழுந்தது. அவர் குடையை எடுத்துக்கொண்டார்.

"உங்க வீட்டை விக்க வேண்டிய அவசியமே இல்லைங்க. மழைத்தண்ணியை வெளிய விடுறதுக்குன்னே வச்ச துளை இது. ஜன்னல் அது வேலையைச் சரியாத்தான் செய்யுது, நீங்கதான் வீட்டை வெளியன்னு அதுக்குச் சொல்லி வச்சிருக்கீங்க. சட்டத்தைக் கழட்டித் திருப்பி மாட்டுங்க, நின்னுடும்."