பக்கத்துப் பிள்ளையின் மழைக்கோட்டு

"சரி டீச்சர், என் பையனோட ரெயின்கோட் எங்கேன்னு நான் கேக்கல. யார் பொறுப்புன்னு மட்டும் சொல்லுங்க."

ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா ஒரு பல் டாக்டர். எதிரில் இருப்பவர் வாயைத் திறக்கும்வரை பொறுமையாகக் காத்திருப்பது அவருக்குத் தொழில். பக்கத்தில் அவருடைய மகன் நின்றுகொண்டிருந்தான். மூன்றாம் வகுப்பு. சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போவதால் வகுப்பில் அவனுக்குப் பூனை என்று பெயர்.

டீச்சர் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவளை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாமா, வேண்டாமா என்று தலைமையாசிரியை இன்று மாலை நிர்வாகத்திடம் சொல்லப்போகிறார். போன சுற்றுலாவில் பாதி வகுப்பின் தண்ணீர் பாட்டில்கள் காணாமல் போயிருந்தன. "இன்னொரு புகார் வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்று அப்போதே அவர் சொல்லிவிட்டார்.

அதனால்தான் இந்த முறை மிருகக்காட்சிசாலைக்குக் கிளம்பும் முன்னால் டீச்சர் ஒரு திட்டம் போட்டாள். தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தபோது தோன்றிய திட்டம். பிள்ளைகள் எப்போதும் தங்கள் பொருளைத்தான் தொலைக்கிறார்கள். அடுத்தவர் பொருள் என்றால் கண்ணை எடுப்பதே இல்லை. ஆகவே யாரும் தன் பொருளைப் பார்த்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொருவரும் பக்கத்துப் பிள்ளையின் பொருளுக்குப் பொறுப்பு. உலகத்தில் எல்லோரும் அடுத்தவருக்குக் குடை பிடித்தால் ஒருவரும் நனையவே மாட்டார்கள் என்று ஈரத் தலையோடு அவளுக்குத் தோன்றியது.

திட்டம் பலித்தது. பாட்டில்கள், தொப்பிகள், டிபன் டப்பாக்கள் எல்லாம் பத்திரமாகத் திரும்பி வந்தன. ஒரு மஞ்சள் மழைக்கோட்டைத் தவிர.

"பொறுப்பு குண்டூசியோடதுங்க" என்றாள் டீச்சர்.

"என்னது?"

"ஒரு பொண்ணுங்க. ஒல்லியா இருப்பா. இதோ கூப்பிடுறேன்."

குண்டூசி வந்தாள். கேள்வியைக் கேட்டதும் தோளைக் குலுக்கினாள்.

"நான் பஸ்லயே குடுத்துட்டேனே டீச்சர்."

"ரெயின்கோட்டையா?"

"இல்ல டீச்சர், பொறுப்பை. சோடாபுட்டிக்கு என் ஜன்னல் சீட்டு வேணும்னான். குடுத்தேன். பதிலுக்கு என் பொறுப்பை அவன் வாங்கிக்கிட்டான்."

டாக்டர் டீச்சரைப் பார்த்தார். சொத்தைப் பல்லின் அடியில் இன்னொரு சொத்தையைப் பார்த்த பார்வை அது.

சோடாபுட்டியை அழைத்தார்கள். அவன் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, மிகவும் களைத்துப்போன ஒரு அதிகாரியைப் போலப் பேசினான்.

"என்கிட்ட ஏற்கெனவே நாலு பேரோட பொறுப்பு இருந்துச்சு டீச்சர். பார்த்துக்க முடியல. குரங்குக் கூண்டுகிட்ட ஒண்ணைத் தள்ளிவிட்டுட்டேன்."

"எதை?"

"ரெயின்கோட் பொறுப்பைத்தான். கூட அரை பிஸ்கட் குடுத்தாத்தான் வாங்குவேன்னுட்டான்."

"அடக் கடவுளே, வேற யாரெல்லாம் இப்படி மாத்திக்கிட்டீங்க?"

"எல்லாரும்தான் டீச்சர். பஸ் முழுக்க அதுதானே நடந்துச்சு!"

டீச்சருக்குத் தலை சுற்றியது. பிள்ளைகள் பாடாமல், சண்டை போடாமல், குசுகுசுவென்று பேசிக்கொண்டே வந்ததைப் பார்த்து, எவ்வளவு ஒற்றுமை என்று அவள் கண் கலங்கியிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து தலைமையாசிரியை உள்ளே வந்தார்.

"என்ன இங்க சத்தம்?"

டாக்டர் சொன்னார். டீச்சரும் சொன்னாள். குண்டூசி இரண்டு பேரையும் திருத்தினாள். தலைமையாசிரியை கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதுல என்ன கஷ்டம்? மொத்த வகுப்பையும் வரச் சொல்லுங்க. கடைசியா யார் யாரோட பொருளைப் பார்த்துக்கிட்டாங்களோ, அவங்கவங்க பக்கத்துல போய் நிக்கட்டும். தானா தெரிஞ்சுடும்."

தானாக ஒன்றும் தெரியவில்லை. ஒருவன் பக்கத்தில் மூன்று பேர் நின்றார்கள். அந்த மூன்று பேரின் பக்கத்திலும் நிற்க வேண்டிய ஒரு பெண், எங்கே நிற்பது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி ஓடினாள். இன்னொருத்தி அலமாரியின் பக்கத்தில் விறைப்பாக நின்றாள்.

"நீ ஏம்மா அங்க நிக்கிற?"

"நான் டிரைவர் அங்கிளோட செருப்பைப் பார்த்துக்கிட்டேன் மேடம். அவர் இங்க இல்ல."

ஒரு பையன் பக்கத்தில் நின்றவனின் பைக்குள் எட்டிப் பார்த்தான். "ஏய், இது என் பென்சில் டப்பா! இத்தனை நாளா உன் பையிலயா இருந்துச்சு?"

"நீதானே பார்த்துக்கச் சொன்னே! திரும்ப வாங்கவே இல்லையே!"

இரண்டு பேர் அழ ஆரம்பித்தார்கள். எதற்கு என்று கேட்டு அவர்களைத் தேற்றப் போனவனும் சேர்ந்து அழுதான். தலைமையாசிரியை மேசையைத் தட்டுவதற்காகப் பேனாவைத் தேடினார்.

"என் பேனா எங்கே? இங்கதானே வெச்சேன்?"

"யார் பொறுப்பு மேடம்?" என்று கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் அக்கறையோடு கேட்டது.

"போதும்!" என்று டீச்சர் கத்தினாள். வாழ்க்கையில் அவள் அவ்வளவு சத்தமாகக் கத்தியதில்லை. அறை அடங்கியது. "சோடாபுட்டி! குரங்குக் கூண்டுகிட்ட உன்கிட்ட அரை பிஸ்கட் வாங்கினது யாரு?"

சோடாபுட்டி விரலை நீட்டினான். எல்லோரும் அந்த விரல் போன திசையைப் பார்த்தார்கள். அது பல் டாக்டரின் நாற்காலியைத் தாண்டி, அதற்குப் பின்னால் நின்ற பூனையின் மேல் போய் முடிந்தது.

டாக்டர் மெல்லத் திரும்பினார்.

"நீயாடா?"

பூனை தலையாட்டினான்.

"உன் ரெயின்கோட்டுக்கு நீயே பொறுப்பு எடுத்துக்கிட்டியா?"

"பசிச்சுதும்மா."

தலைமையாசிரியையின் முகத்தில் வெகு நேரம் கழித்து ஒரு சிரிப்பு வந்தது. "பாருங்க டாக்டர், எங்கெங்கேயோ சுத்திட்டு கடைசியில உங்க வீட்டுக்கே வந்து நிக்குது."

டாக்டர் எழுந்தார். காது மடல் சிவந்திருந்தது. "ஸாரி டீச்சர். இவன்கிட்டயே ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். வீட்டுல யாருக்குமே தோணல."

"அதனாலென்னங்க."

"நீங்க கவலைப்படாதீங்கம்மா" என்று தலைமையாசிரியை டீச்சரின் தோளைத் தட்டினார். "சாயங்காலம் நான் நல்லபடியா சொல்லிடறேன். பேனாவை மட்டும் யாராவது எடுத்துக் குடுங்க."

தலைக்கு மேலே மின்விசிறி சுற்றுவதே டீச்சருக்கு அப்போதுதான் தெரிந்தது. காற்று ஜில்லென்று வந்தது. உலகமே நல்லதாக இருந்தது. அந்த நிம்மதியில், பேசாமல் இருந்திருக்க வேண்டியவள், பூனையின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, அவன் கன்னத்தைத் தொட்டாள்.

"பரவாயில்லடா கண்ணா. ரெயின்கோட்டை மறந்துட்டு வந்துட்டே, அவ்வளவுதானே?"

"மறக்கல டீச்சர், குரங்குக் கூண்டுகிட்ட இருந்த பெஞ்சுல இருந்து எடுத்துட்டுத்தான் வந்தேன், நீங்கதான் 'உன்னோடதை நீ தொடக் கூடாது, இருந்த இடத்துலயே போய் வை'ன்னு பஸ் வாசல்ல இருந்து திருப்பி அனுப்பினீங்க."