கண்ணில்லாப் பாம்புக்குக் கண் வைத்த கதை

மனைவியை எப்படியாவது வீட்டுக்கு வரவழைத்துவிடுவது என்று முடிவெடுத்தேன். முப்பது வருஷ இல்லறத்தில் நானாக எடுத்த முதல் முடிவு.

ஜோகூரில் இருக்கும் மகள் உமாராணியின் பிரசவத்துக்குப் போனவள் குணவதி. பேரன் பிறந்தான். தலை நின்றது. குப்புறவும் விழுந்துவிட்டான். இவள் மட்டும் அசையவில்லை. சுங்கை லாலாங் வீட்டில் நானும் குளிர் ஊதும் ஏர்கோனும்தான். ஒரு நாள் ஈரத் துண்டை வேண்டுமென்றே கட்டிலில் போட்டுப் பார்த்தேன். யாரும் கத்தவில்லை. மனசு என்னவோ போலாகிவிட்டது.

மறுநாள் காலை அவளுடைய மல்லிகைத் தொட்டியை நகர்த்தினேன். அடியில் கறுப்பாக ஒன்று நெளிந்தது. மண்புழு என்று குனிந்தால், மினுமினுவென்று செதில். நாக்கை வேறு நீட்டியது. குருட்டுப் பாம்பு! விஷம் கிடையாது. எறும்பு முட்டை தின்று மண்ணுக்குள் வாழும் அப்பாவி. மீ கோரேங் நூடுல்ஸ் தட்டில் விழுந்தால் தேடி எடுக்க முடியாது, அவ்வளவுதான் உருவம்.

எனக்கோ அதில் குணவதியின் பஸ் டிக்கெட் தெரிந்தது. ஃபோனை அதன் மூக்கருகே கொண்டுபோய்ப் படம் எடுத்தேன். வாட்சாப்பில் போய்ச் சேர்ந்தது மலைப்பாம்பு.

உடனே அழைத்தாள்.

“ஐயோ, என்னங்க இது? எங்க இருக்கு?”

“உன் மல்லிகைத் தொட்டிகிட்டதான்.”

“எவ்ளோ பெருசு?”

“என் கை இருக்கும்.”

“நீளமா, பருமனா?”

“ரெண்டும்!”

“போம்பாவைக் கூப்பிடுங்கலா!”

“தீயணைப்பு வண்டி வர்றதுக்குள்ள ஒளிஞ்சுக்கும். என்னையே முறைக்குது குணா. கண்ணு ரெண்டும் பளபளன்னு!”

கண்ணே இல்லாததற்குக் கண், காது, மூக்கு எல்லாம் வைத்தேன்.

“நீ பக்கத்துல இருந்தா தைரியமா இருக்கும்.” அது மட்டும் நடிப்பில்லை.

அவள் மெதுவாகச் சொன்னாள்: “தனியா இருக்காதீங்க. கிளம்பி இங்க வாங்க. எனக்கும் உங்களைப் பாக்கணும் போல இருக்கு.”

அவள் வந்தால் என்ன, நான் போனால் என்ன? மீசைக்கு மை பூசினேன். அவளுக்குப் பிடிக்குமே என்று கோலா மூடா கருவாடு வாங்கினேன். பஸ்ஸில் என் பக்கத்து சீட்டுக்கு யாரும் வரவில்லை.

ஜோகூர் வீட்டு வாசலில் குணவதி நின்றாள். புதுச் சேலை. தலையில் பூ.

“எனக்காகவா இவ்ளோ அலங்காரம்?”

“பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க.” பேரனை என் இடுப்பில் ஏற்றினாள். “உமாவுக்கு லீவு முடிஞ்சுபோச்சு. வேலைக்குப் போயிட்டா. இவன் அழுதா பால் கலக்கிக் குடுங்க.”

“குணா! அங்க பாம்பு இருக்கு!”

“அது பக்கத்துல என் தோட்டுத் திருகாணி கிடந்துச்சே, படத்துல பாக்கலியா? திருகாணிய விட அது தலை சின்னது. எத்தனை நாளா தேடினேன் அத!”

“அப்போ என்னைப் பாக்கணும்னு சொன்னது?”

“பாத்துட்டேன்ல?”

என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். கண் லேசாகக் கலங்கியிருந்தது. எனக்கு அப்படித்தான் தெரிந்தது. கருவாட்டுப் பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டு, பஸ் நிலையம் போகக் காத்திருந்த வாடகைக் காரில் ஏறிவிட்டாள்.

அடுத்த நாள் வீட்டிலிருந்து அழைத்தாள். கருவாடு பொரியும் சத்தம் கேட்டது.

“என்னங்க, இந்தப் பாம்பு சாதியில ஆம்பளையே கிடையாதாம். எல்லாம் பொம்பளைதானாம். தன்னாலயே முட்டை போட்டுக்குமாம்.”

“சரி குணா, நான் எப்ப வீட்டுக்கு வர்றது?”

“அது எவ்ளோ நிம்மதியா இருக்கு தெரியுமா? நானும் கொஞ்ச நாள் அப்படி இருந்து பாக்கறேனே!”