அழுமூஞ்சி நடுவர்

"அண்ணே, இந்த மூஞ்சிய எங்கயோ பார்த்த மாதிரி இருக்கே" என்றாள் வண்ணம் போடுகிற பெண்.

கார்ட்டூன்காரர் வரைவதை நிறுத்திவிட்டுத் திரையை உற்றுப் பார்த்தார்.

திரையில் இருந்தவர் பாட்டுப் போட்டி நடுவர். யார் பாடினாலும் அழுவார். மைக் சரிபார்க்க 'ஹலோ' சொன்னாலும் விம்முவார். சினிமா, விளம்பரம், டிவி போட்டி என்று ஒன்றையும் விடாமல் நையாண்டி செய்யும் கார்ட்டூன் தொடரில், அன்று மாலை ஆறு மணிக்கு இவர்தான் நாயகன்.

"எங்க பார்த்தே? நல்லா யோசிச்சுச் சொல்லும்மா."

"மாடியில. முதலாளி ரூம்ல."

போச்சுடா! அந்தப் புருவம், அந்த இரட்டைத் தாடை, எல்லாம் முதலாளியேதான். கார்ட்டூன்காரரின் கைக்கு இது பிறவிக் கோளாறு. முதல் வேலையில் வரைந்த எருமையும், இரண்டாவது வேலையில் வரைந்த பூதமும் அந்தந்த முதலாளிகளை உரித்து வைத்திருந்தன. இரண்டு வேலையும் போயிற்று. இங்கே சேர்ந்த அன்றே மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள்: "இங்கயாவது யார் மூஞ்சியையும் வரையாம இருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

வேலை நிரந்தரமா இல்லையா என்று நாளைக்குத்தான் முடிவு சொல்லப் போகிறார்கள்.

உடம்பு அப்படியே இருக்கட்டும், தலையை மட்டும் மாற்றினால் போதும். தாடையைச் சுருக்கினார்.

"இப்ப?"

"முதலாளியோட மச்சான்."

மூக்கை நீட்டினார். முடியைக் கூட்டினார்.

"ஐயையோ, முதலாளியம்மா!"

"அவங்களுக்கு ஏதும்மா மீசை?"

"மீசைய எடுத்துட்டுப் பாருங்கண்ணே."

எடுத்தார். பார்த்தார். பதறிப்போய்த் திரையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது.

அதற்குள் அந்தப் பெண்ணை மாடியில் கூப்பிட்டார்கள். மணி நாலரை. தலையை முழுசாக அழித்தார். இனி நினைவிலிருந்து ஒரு கோடு கூடப் போடுவதில்லை என்று சபதம் செய்துகொண்டார். அழுதால் உதடு எப்படிக் கோணும் என்று பார்க்க, இந்தத் தொழிலில் எல்லோர் மேசையிலும் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். அதன் முன்னால் அழுது அழுது வரைந்து, ஐந்தரைக்கு அனுப்பிவிட்டார். இப்படியொரு கேவலமான மூஞ்சி உலகத்தில் எவனுக்கும் இருக்காது என்று நிம்மதியாக இருந்தது.

ஆறு மணிக்கு அலுவலகமே டிவி முன்னால் கூடியது. நடுவர் முதல் விம்மல் விம்மியதும் கூரை அதிரச் சிரித்தார்கள். டிவியைப் பார்த்தார்கள், கார்ட்டூன்காரரைப் பார்த்தார்கள், இன்னும் சிரித்தார்கள். பாராட்டுக்கு அவர் கூச்சத்தோடு தலையாட்டினார்.

முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் முதுகில் ஓங்கித் தட்டினார். "இதுக்கெல்லாம் தனி மனசு வேணும்யா! வேற எவனும் துணிய மாட்டான். நாளைக்கு எதுக்கு, இப்பவே சொல்றேன், உங்க வேலை நிரந்தரம். இந்த அழுமூஞ்சி வாராவாரம் வரணும்!"

கார்ட்டூன்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து மனைவியின் போன்.

"கேட்டியா, வேலை நிரந்தரம்! நீ சொன்னபடியே யார் மூஞ்சியையும் வரையல!"

"பாப்பா 'அப்பா, அப்பா'ன்னு டிவிக்கு முத்தம் குடுத்துக்கிட்டு நிக்குது! யார் மூஞ்சியையும் வரையாதீங்கன்னு சொன்னேன், சரி. அதுக்காக உங்க மூஞ்சியவேவா வரைவீங்க?"